கர்ப்பம் பதிவாகும் முன்பே உருவாகிவிடும் இதயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பகாலச் சர்க்கரை நோய் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, இன்சுலின் ஊசி மீதுள்ள வீண் அச்சம் ஆகியவற்றைத் தெளிவாக விளக்கிய அக்கட்டுரை, குழந்தைக்கு நேரக்கூடியவை என்று வரும்போது, எடை கூடுதலாகப் பிறக்கும், பிறந்தவுடன் குழந்தையின் சர்க்கரை இறங்கிவிடும் என்பதோடு நின்றுவிட்டது. தாயின் சர்க்கரைக்கும் பிறக்கும் குழந்தையின் இதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன். வழக்கமான ஆசிரியர் கடிதத்தைவிட இது நீளமாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கருத்தரிப்பதற்கு முன்பே தாய்க்கு இருக்கும் சர்க்கரை நோய். அது முதல் வகையாகவோ இரண்டாம் வகையாகவோ இருக்கலாம், அவருக்குத் தெரிந்தும் இருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். மற்றொன்று, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துவதால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் புதிதாகத் தலைகாட்டி, பிரசவத்தோடு பெரும்பாலும் விலகிவிடும் கர்ப்பகாலச் சர்க்கரை. இரண்டுமே குழந்தையின் இதயத்தைப் பாதிக்கக்கூடியவைதாம் என்றாலும், பாதிக்கும் காலமும் விதமும் வேறு வேறு. முன்னது இதயத்தின் அமைப்பையே மாற்றிவிடக்கூடும்; பின்னது, அமைந்து முடிந்த இதயத்தின் தசையைத் தடிக்கச் செய்யும். ஆறாம் மாதத்தில் முதன்முதலாகச் சர்க்கரை தெரியவந்த ஒரு தாயைப் பார்த்து, "உனக்குச் சுகர் வந்ததால்தான் பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை" என்று உறவினர்கள் குறைசொல்வதை வார்டில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் மூன்று மாதங்களில் அவருக்குச் சர்க்கரை இயல்பாக இருந்திருக்குமானால், அந்தக் குற்றச்சாட்டுக்கு மருத்துவத்தில் வலுவான ஆதாரம் கிடையாது.

இதற்குக் காரணம் கருவின் கால அட்டவணை. வளரும் சிசுவில் மற்ற எந்த உறுப்புக்கும் முன்னதாக வேலையைத் தொடங்குவது இதயம்தான். கருத்தரித்து ஏறத்தாழ 22 நாட்களில் அது துடிக்கத் தொடங்கும்போது, அதற்கு அறைகளும் இல்லை, வால்வுகளும் இல்லை. ஒரு குழாய் மட்டுமே இருக்கிறது. அந்தக் குழாய் வலப்புறமாக வளைந்து, மேலறைகளும் கீழறைகளும் அடையாளம் பெற்று, நடுவில் தடுப்புச் சுவர்கள் எழுந்து, இரத்தம் வெளியேறும் ஒற்றைப் பெருங்குழாய் திருகியபடியே பெருந்தமனி என்றும் நுரையீரல் தமனி என்றும் இரண்டாகப் பிரிந்து, எட்டாம் வாரம் முடிவதற்குள் இதயம் ஏறக்குறைய முழு வடிவத்தை அடைந்துவிடுகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடும் மருத்துவமனை அட்டைப்படி இது பத்தாவது வாரம். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, வேலை அலுப்பாக இருக்கும் என்று சில நாள் விட்டுவிட்டு, அட்டையில் இரண்டு கோடு பார்த்து, அம்மாவிடமும் மாமியாரிடமும் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துகொள்ளும் நாளில், பல பெண்களின் வயிற்றில் குழந்தையின் இதயம் கட்டி முடிக்கப்பட்டிருக்கும்.

அந்தச் சில வாரங்களில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் என்ன ஆகிறது? சர்க்கரை கருவைத் தடையின்றிச் சென்றடைகிறது. கருவுக்கு அப்போது கணையம் உருப்பெறவில்லை. வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்க அதனிடம் இன்சுலின் இல்லை. மிகுதியான சர்க்கரை செல்களுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கி, உறுப்புகளை வடிவமைக்கும் மரபணுக்கள் சிலவற்றின் செயலைக் குறைத்துவிடுகிறது என்பதை விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கருவின் முதுகுப் பகுதியிலிருந்து புறப்பட்டு இதயத்துக்கு வந்து சேர்ந்து, மேலே சொன்ன ஒற்றைப் பெருங்குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒருவகைச் செல்கள் இதனால் வழியிலேயே மடிந்துபோகின்றன. சர்க்கரை நோயுள்ள தாய்மாரின் குழந்தைகளிடம், கீழறைகளுக்கு இடையிலான சாதாரண ஓட்டையோடு, இரு பெருந்தமனிகளும் இடம் மாறி அமைவது, இரண்டும் பிரியாமல் ஒன்றாகவே நின்றுவிடுவது, இரண்டுமே வலது கீழறையிலிருந்து கிளம்புவது போன்ற சிக்கலான கோளாறுகள் கூடுதலாகத் தென்படுவதன் பின்னணி இதுதான்.

எண்களைச் சொல்லும்போது கவனம் தேவை. பயமுறுத்துவது என் நோக்கமன்று. பொதுவாக உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டுப் பேருக்கு ஏதேனும் ஓர் இதயக் கோளாறு இருக்கிறது. டென்மார்க்கில் 1978 முதல் 2011 வரை பிறந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்த தாய்மாரிடம் இது பத்தாயிரத்துக்கு 318 என்று கண்டது. ஒட்டுமொத்த அளவு பத்தாயிரத்துக்கு 80. அதாவது நான்கு மடங்கு. மறுபுறம் பார்த்தால், இத்தகைய தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு பேரின் இதயம் குறையின்றியே இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள பெண் தாயாகக் கூடாது என்று சொல்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அந்த 34 ஆண்டுகளில் இன்சுலின் வகைகள் மேம்பட்டன, வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் கருவிகள் வந்தன, பிரசவ மருத்துவம் வெகுவாக முன்னேறியது. ஆனால் அந்த நான்கு மடங்கு என்ற விகிதம் குறையவே இல்லை. என் கணிப்பில், முன்னேற்றத்தின் பலன் பெரும்பாலும் கர்ப்பத்தின் நடுவிலும் கடைசியிலும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதயம் உருவாகும் முதல் வாரங்களை அது எட்டவில்லை. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள தாய்மாரைப் பற்றி ஸ்வீடனில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இந்த எண்ணத்துக்கு வலுச்சேர்க்கிறது. கருத்தரிக்கும் காலத்தை ஒட்டி எடுக்கப்பட்ட எச்.பி.ஏ.1.சி. என்ற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தவர்களின் குழந்தைகளில் 3.3 சதவீதத்தினருக்கும், 9.1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களின் குழந்தைகளில் 10 சதவீதத்தினருக்கும் இதயக் கோளாறு இருந்தது. அதே ஆய்வில் சர்க்கரை நோயில்லாத தாய்மாரிடம் இது 1.5 சதவீதம். கட்டுப்பாடு நன்றாக இருந்தாலும் ஆபத்து முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. ஆனால் மூன்றுக்கும் பத்துக்கும் உள்ள இடைவெளி சிறியதா?

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாட்டின் சராசரி 11.4. மேலை நாட்டினரைவிட நம்மவருக்கு இரண்டாம் வகை நோய் இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. பிள்ளை பெறும் வயதும் அதுவேதான். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை நாட்டிலேயே முன்னோடியாகச் செயல்படுத்தியது தமிழ்நாடு என்பதில் நாம் பெருமைப்படலாம். சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா வலியுறுத்திய எளிய முறை, அதாவது சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்து, 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை என்று கொள்வது, இன்று மத்திய அரசின் வழிகாட்டு நெறியாகவும் ஆகியிருக்கிறது. வெறும் வயிற்றோடு வரச்சொன்னால் பேருந்தில் மயங்கி விழும் கர்ப்பிணிகளை அறிந்தவர்களுக்கு இந்த எளிமையின் அருமை புரியும்.

ஆனால் இந்தத் திட்டத்தின் கடிகாரம் கர்ப்பம் பதிவான பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. முதல் வருகையில் ஒரு பரிசோதனை, அது இயல்பாக இருந்தால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபரிசோதனை என்பது ஏற்பாடு. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 12 வாரங்களுக்குள் பதிவு செய்வதை ஊக்குவிக்கிறது. மகப்பேறு மருத்துவத்துக்கு அது சிறந்த இலக்கு. குழந்தையின் இதயத்தைப் பொறுத்தவரை பன்னிரண்டாவது வாரம் என்பது காலம் கடந்த பதிவு. அன்று சர்க்கரை 250 என்று தெரியவந்தால் உடனே இன்சுலின் தொடங்குவோம், அதனால் தாயும் குழந்தையும் பல வகைகளில் பயனடைவார்கள். ஆயினும் இதயத்தின் சுவர்கள் எழுந்தது எழுந்ததுதான். ஆகவே கருத்தரிக்கும் முன்பே யாரை அடையாளம் காண முடியும் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டு கூட்டத்தினர் தென்படுகிறார்கள்.

முதல் கூட்டம், ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த இளம்பெண்கள். இவர்களை எட்டுவது எளிது என்று தோன்றும். நம் சமூகத்தில் அது எளிதன்று. சிறுவயது முதலே இன்சுலின் போட்டுக்கொள்ளும் மகளுக்கு வரன் பார்க்கும்போது, எத்தனை குடும்பங்கள் உண்மையைச் சொல்கின்றன? எனக்குத் தெரிந்த ஒரு பெண், திருமணமாகிப் புகுந்த வீட்டுக்குச் சென்றபோது, இன்சுலின் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி வளையல் பெட்டிக்குள் வைத்திருந்தார். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மாமியார் கண்ணில் படும். சித்திரை வெயிலில் பெட்டிக்குள் கிடந்த மருந்து வீரியம் இழந்தது. மதிய ஊசியைக் கூட்டுக் குடும்பத்தின் நடுவே போட்டுக்கொள்ள முடியாமல் விட்டுவிட்டார். அந்த மாதங்களிலேயே கருவும் தங்கியது. குழந்தை இரு பெருந்தமனிகளும் இடம் மாறிய நிலையில் பிறந்து, மூன்றாவது வாரத்தில் அறுவை சிகிச்சைக்கு உள்ளாகி, நல்லபடியாகத் தேறியது. அந்தக் குழந்தையின் கோளாறுக்கு அந்த வெயில்தான் காரணம் என்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது, கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பு ஒரு மருத்துவரோடு பத்து நிமிடப் பேச்சு. அந்தப் பேச்சுக்கு வழியில்லாமல் செய்தது வரன் பார்க்கும் நம் வழக்கம். பெண் வீட்டாரின் பொய்யைக் கண்டிப்பதற்கு முன், உண்மையைச் சொன்ன வீடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கூட்டம் இதைவிடப் பெரியது. எண்ணிக்கையில் நம் கவலைக்கு உரியவர்கள் இவர்களே. முதல் பிரசவத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்து, குழந்தை பிறந்ததும் மறைந்துபோய், "அது கர்ப்பத்தில் வந்த சுகர், போய்விட்டது" என்று நிம்மதி அடைந்த பெண்கள். இவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று ஆண்டுகளில், எந்த அறிகுறியும் இல்லாமல், இவர்களில் சிலருக்கு நிரந்தரமான சர்க்கரை நோய் வந்து குடியேறிவிடுகிறது. முதல் குழந்தையின் இதயம் உருவானபோது தாயின் சர்க்கரை இயல்பாக இருந்தது. இரண்டாவது குழந்தையின் இதயம் உருவாகும்போது அப்படியில்லை. ஆனால் தாய்க்கு இது தெரியாது.

பிரசவம் முடிந்து ஆறாவது வாரத்தில் இப்பெண்களுக்கு மீண்டும் குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் அந்தச் சமயம் தாய் பிறந்த வீட்டில் இருப்பார். பதிவு செய்த சுகாதார நிலையம் புகுந்த ஊரில் இருக்கும். பால் கொடுத்துக்கொண்டு தூங்காமல் தவிக்கும் பெண்ணை, "உனக்காக ஒரு பரிசோதனை" என்று அழைத்துப்போக யாரும் முன்வருவதில்லை. ஆனால் அதே பெண், அதே வாரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மாத ஊசி போடத் தவறாமல் வந்துவிடுகிறார். வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தால்கூடச் செய்யக்கூடிய பரிசோதனை நம் கையில் இருக்கும்போது, குழந்தைக்கு ஊசி போடும் அந்தப் புதன்கிழமையே தாய்க்கும் குளுக்கோஸ் கரைசலைக் கொடுத்துவிட்டால் என்ன? ஊசி போட்ட பின் எப்படியும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம். இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்கார ஒரு மின்விசிறியும் நாற்காலியும் போதும்.

கிராம சுகாதார செவிலியர்கள் தங்கள் பகுதியில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கிறார்கள். யாருக்கு எத்தனை குழந்தைகள், யார் எந்தக் குடும்பநல முறையைக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா, கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்ற ஒரு கட்டத்தை அதில் சேர்க்கலாம். அதேபோல் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும்போது, நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் "அடுத்த குழந்தை பற்றிய எண்ணம் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில், கொழுப்பைக் குறைக்கத் தரப்படும் அட்டோர்வாஸ்டேட்டின் போன்றவற்றைக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவர் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதால், அந்தக் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு.

அப்படி அடையாளம் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. எச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதத்தை ஒட்டி வரும்வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டாயம் தள்ளிப்போட வேண்டும். அதுவரை நம்பகமான கருத்தடை முறை தேவை. முதுகெலும்புக் கோளாறுகளைத் தடுக்க ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். இடையில் ஒரு குறிப்பு: நம் பெண்களிடம் பரவலாக உள்ள இரும்புச்சத்துக் குறைபாடு, எச்.பி.ஏ.1.சி. அளவை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பாமல், விரல்நுனியில் பார்க்கும் அளவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

திட்டமிடாமலே கர்ப்பம் வந்துவிட்டது, தாய்க்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தது என்றால், அடுத்த வாய்ப்பு ஸ்கேன். 18 முதல் 22 வாரங்களுக்குள், உறுப்புக் குறைகளைப் பார்க்கும் வழக்கமான அனாமலி ஸ்கேனோடு, கருவிலிருக்கும் குழந்தைக்கென்றே தனியாக இதய எக்கோ எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட பரிந்துரை. இதயத்தின் நான்கு அறைகளும் தெரிகின்றன என்று ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறோம். பெருந்தமனிகள் இடம் மாறிய குழந்தைக்கும் நான்கு அறைகளும் ஒழுங்காகவே தெரியும். தமனிகள் எந்த அறையிலிருந்து கிளம்புகின்றன என்று தனியே பார்த்தால்தான் கோளாறு புலப்படும். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் கருவைக் கலைக்கச் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சியே பலர் போவதில்லை. உண்மையில் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. முன்கூட்டியே தெரிவதன் முதன்மையான பயன், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ய முடிவதுதான். தமனி இடம் மாறிய குழந்தை, குழந்தை இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையிலேயே பிறந்தால், பிறந்த மணியிலிருந்தே மருந்து தொடங்கி, முதல் சில வாரங்களுக்குள் தமனிகளை இடம் மாற்றிப் பொருத்திவிடலாம். அதே குழந்தை எங்கோ பிறந்து, நீலம் பாரித்து, நள்ளிரவில் ஆம்புலன்ஸில் பயணப்பட்டால் நிலைமை வேறு.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் நிகழும் மற்றொரு பாதிப்புக்கு வருகிறேன். இது கர்ப்பகாலச் சர்க்கரையிலும் வரும். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடையும். தாயின் இன்சுலின் அடையாது. எனவே குழந்தையின் கணையம் தானே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950களில் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் நிலைத்து நிற்கிறது. கருவில் இன்சுலின் ஒரு வளர்ச்சி ஊக்கி. உடம்பில் கொழுப்பு சேர்வது போலவே இதயத் தசையும், குறிப்பாகக் கீழறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சுவரும் தடிக்கிறது. சில குழந்தைகளிடம் அந்தச் சுவர், இரத்தம் பெருந்தமனிக்குச் செல்லும் பாதையையே நெருக்கும் அளவுக்குப் பருத்துவிடும்.

4 கிலோ 200 கிராம் எடையில் சிசேரியன் மூலம் பிறந்த ஒரு குழந்தை நினைவுக்கு வருகிறது. கொழுகொழுவென்று இருந்ததால் பாட்டிமார் இருவரும் திருஷ்டி கழிப்பதில் முனைந்திருந்தார்கள். பிறந்து சில மணி நேரத்தில் மூச்சு நிமிடத்துக்கு எழுபதைத் தாண்டியது. விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கியது. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தது. இதயம் பலவீனமாகிவிட்டது என்று கருதி, அதன் துடிப்பை வலுப்படுத்தும் டிகாக்சின் மருந்தை எழுதுவதற்குப் பயிற்சி மருத்துவர் பேனாவைத் திறந்துவிட்டார். தாயின் அட்டையில் சர்க்கரை என்ற குறிப்பைப் பார்த்து முதலில் எக்கோ எடுக்கச் சொன்னோம். இதயம் பலவீனமாக இல்லை. தடுப்புச் சுவர் தடித்துப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் டிகாக்சின் கொடுத்தால் சுருக்கம் வலுத்து அடைப்பு கூடும். துடிப்பைச் சற்றுத் தணிக்கும் ப்ரோப்ரனலாலும் போதிய திரவமும் கொடுத்ததில் குழந்தை சில நாட்களில் தேறியது. பிறந்த பின் கூடுதல் இன்சுலின் இல்லாமற்போவதால் இந்தத் தடிப்பு தானாகவே வடிந்துவிடும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இதயம் இயல்பாகிவிடும். எக்கோவில் மட்டும் தெரிந்து, எந்தத் தொந்தரவும் தராத லேசான தடிப்புக்குச் சிகிச்சையே தேவையில்லை. தாயின் சர்க்கரை விவரம் குழந்தையின் கோப்புக்கு வந்து சேர்ந்ததா என்பதே இங்கு முக்கியம். பல இடங்களில் அது மகப்பேறு வார்டிலேயே தங்கிவிடுகிறது.

கடைசி வாய்ப்பு, வீட்டுக்கு அனுப்பும் முன் இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பரிசோதனை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான கருவிதான். பச்சிளங்குழந்தைக்கு மட்டும் ஒட்டக்கூடிய சிறிய உணரி வேண்டும். பிறந்து 24 மணி நேரம் கழித்து, குழந்தை அமைதியாக இருக்கும்போது, வலது உள்ளங்கையில் ஒருமுறையும் ஏதேனும் ஒரு பாதத்தில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். இரண்டுமே 95 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டுக்கும் இடையே 3க்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் தேறியதாகக் கொள்ளலாம். ஏதாவது ஒன்று 90க்குக் கீழ் இருந்தால் உடனே இதய மருத்துவர் பார்க்க வேண்டும். இடைப்பட்ட அளவுகளுக்கு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். செலவு என்று சொல்ல எதுவுமில்லை. ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்குமான பரிந்துரைப் பட்டியலில் இது 2011இல் சேர்க்கப்பட்டது. கருவில் இருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்து இரத்தம் செல்ல உதவும் ஒரு சிறு இணைப்புக் குழாய், பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்கிறது. சில இதயக் கோளாறுகளில் அந்தக் குழாய் திறந்திருக்கும்வரைதான் குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றும். இரண்டாம் நாளில் சிரித்த முகத்தோடு வழியனுப்பிய குழந்தை நான்காம் நாள் பால் குடிக்காமல், உடம்பு சில்லிட்டுத் திரும்பி வருவது இதனால்தான். அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்க ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து இருக்கிறது. நேரத்தோடு தொடங்கினால் அறுவை சிகிச்சைவரை குழந்தையைக் கொண்டுசேர்க்கலாம். பெருந்தமனி குறுகியிருக்கும் சில குழந்தைகள் இந்தப் பரிசோதனையிலும் தப்பிவிடக்கூடும் என்பதால், தொடையிடுக்கில் நாடி பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது.

கோளாறு கண்டறியப்பட்ட பிறகு வழி இல்லாமற்போகவில்லை. 2013 முதல் செயல்படும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறும் சேர்ந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சைகள் உள்ளன. காப்பீட்டு அட்டையில் பச்சிளங்குழந்தையின் பெயர் இல்லையே என்று தயங்கி ஊருக்குத் திரும்பிவிடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தயங்காமல் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்க வேண்டும்.

சுகாதாரத் துறையிடம் என் வேண்டுகோள் சிறியது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையில் ஒரு வரி கூடுதலாக அச்சிடட்டும்: தாய்க்குச் சர்க்கரை முன்பே இருந்ததா, கர்ப்பத்தில் வந்ததா, குழந்தைக்கு வலது கையில் எவ்வளவு, பாதத்தில் எவ்வளவு, எக்கோ தேவையா, எடுத்தாயிற்றா, தாய்க்கு ஆறாவது வாரப் பரிசோதனை எந்தத் தேதியில். அந்த வரி வெற்றாக இருந்தால் குழந்தையை அனுப்பக் கூடாது என்று செவிலியருக்கு அதிகாரம் இருக்கட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மருத்துவர் சேஷய்யாவின் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளையொட்டித் தாங்கள் வெளியிடும் சிறப்புப் பக்கத்தில், இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிடும் தாய்மாரை முன்னிறுத்தி, கருத்தரிப்பதற்கு முன்பே சர்க்கரை பார்த்துக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை வரவேண்டும். எழுத மகப்பேறு மருத்துவர் ஒருவரும் குழந்தை இதய மருத்துவர் ஒருவரும் சேர்ந்து முன்வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குழந்தைகள் நல மருத்துவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.